வராத வெள்ளத்துக்குப் பிறகு

வெள்ளம் வரவில்லை. அதுதான் அவளுக்கு வினையாகப் போயிற்று.

நகராட்சியின் பேரிடர் பிரிவு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மாடியில் ஒரு அறை, இரண்டு மேசை, ஒரு வயர்லெஸ் பெட்டி, சுவர் முழுக்க ஊரின் வரைபடம், அப்புறம் அவள். அன்று விடிந்ததுமே அணைக்கு மேலே மழை கொட்டோ கொட்டென்று கொட்டுவதாகத் தகவல் வந்தது. ஆற்றோரத் தெருக்களைக் காலி செய்யச் சொன்னாள். சைரன் ஊதியது. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறினார்கள். ஆறு கரையின் கடைசிப் படி வரை வந்து ஊருக்குள் எட்டிப் பார்த்தது. பிறகு மழை வேறு பக்கம் நகர்ந்தது. தண்ணீர் வந்த வழியே இறங்கிப் போய்விட்டது. சாயங்காலம் எல்லாரும் சொட்டச் சொட்ட நனைந்த மூட்டைகளோடு வீடு திரும்பினார்கள். வீடுகளெல்லாம் உலர்ந்து கிடந்தன.

ஒருத்தராவது 'நல்லவேளை, தப்பிச்சோம்' என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்தாள். யாரும் சொல்லவில்லை. ஆற்றோரத்தில் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருப்பவருக்குக் கை வேலையை விட வாய் வேலை அதிகம். மறுநாள் அவள் அந்தத் தெருவில் கால் வைத்ததும் கடைக்குள் இருந்தபடியே குரல் கொடுத்தார்.

"சைரன் வருது, சைரன் வருது! எல்லாரும் மூட்டையைக் கட்டுங்க!"

தெருவே சிரித்தது. அன்றிலிருந்து அவள் பெயர் சைரன் என்றாகிவிட்டது. 

ஆணையர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர்தான், ஆனால் தொலைபேசி அடித்தாலே முகம் வெளுத்துவிடும் ரகம். 

"இன்னொரு தடவை இப்படி ஆகக் கூடாதும்மா."

"எது சார்? வெள்ளம் வராம போனதா?"

அவர் சிரிக்கவில்லை. "ஜனங்க என்னைப் புடுங்கி எடுக்கறாங்க. அடுத்த தடவை நிச்சயமா தெரிஞ்சா மட்டும் சொல்லு."

நிச்சயமாகத் தெரியும்போது தண்ணீர் இடுப்பளவு வந்திருக்கும் என்று சொல்ல வாயெடுத்தவள், அடக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

அண்ணன் வீட்டுக்குப் போவதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. அண்ணனும் ஆற்றோரத்துக்காரன்தான். கீழே தையல் கடை, மாடியில் குடித்தனம். பள்ளிச் சீருடை ஆர்டர் எடுத்திருந்தான். காலி செய்யச் சொன்ன அன்று, தங்கச்சி வார்த்தையை நம்பி, துணிக்கட்டுகளையெல்லாம் நகராட்சி லாரியில் ஏற்றிவிட்டான். லாரிக்கு மேல்மூடி இல்லை. மழையில் சாயம் இறங்கி, வெள்ளைத் துணியும் நீலத் துணியும் ஒரே நிறமாகிவிட்டன. அவன் கடையிலேயே வைத்திருந்தால் ஒரு நூல் கூட நனைந்திருக்காது.

அவள் உள்ளே வந்ததைப் பார்த்தும் அண்ணன் மெஷின் மிதிப்பதை நிறுத்தவில்லை.

"வெள்ளத்துல நனைஞ்சிருந்தா தலையெழுத்துன்னு விட்டிருப்பேன், பாப்பா. இது உன்னால நனைஞ்சது."

"வெள்ளம் வந்திருந்தா என்னண்ணா செஞ்சிருப்பே?"

"வரலையே."

அவள் திரும்பி நடக்கும்போது அண்ணி மாடிப்படியிலிருந்து கூப்பிட்டாள். அண்ணிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி அதிக நாள் ஆகவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவரை விடு. என் கதையைக் கேளு. அந்தப் பள்ளிக்கூடத்துல கக்கூஸ் எங்க இருக்கு தெரியுமா?"

"மைதானத்துக்குப் பின்னாடி."

"படி இறங்கி, சேத்துல நடந்து போகணும். ஒரு தடவை போனேன், வழுக்கி விட்டுடுச்சு. யாரோ புண்ணியவதி பிடிச்சா. அப்புறம் அன்னைக்குப் பூரா ஒரு வாய் தண்ணி குடிக்கல. குடிச்சாத்தானே போகணும்? இனிமே நீ ஊரே அதிர சைரன் ஊதினாலும் நான் வர மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

சைரன் என்று பெயர் விழுந்தவள் அன்றைக்கு வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு நடந்தாள். மழை ஏன் திசை மாறியது, கணிப்பு என்றால் என்ன என்று படம் போட்டு விளக்க ஒரு கூட்டம் போடுவதாக இருந்தாள். அந்தப் படங்களைச் சுருட்டி அலமாரியில் போட்டாள். வெள்ளம் வராததை ஜனங்கள் மன்னித்துவிடுவார்கள். கூப்பிட்டு வந்து உட்கார வைத்து, தண்ணீர் குடிக்கக் கூட பயப்பட வைத்ததைத்தான் மன்னிக்க மாட்டார்கள்.

மறுநாளே வீடு வீடாக ஏறத் தொடங்கினாள். எல்லாரிடமும் ஒரே கேள்வி. "அன்னைக்கு முகாம்ல என்ன கஷ்டம்?" சில வீடுகளில் கதவை முகத்தில் சாத்தினார்கள். சில வீடுகளில் உட்கார வைத்து, இத்தனை நாள் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தது போலக் கொட்டித் தீர்த்தார்கள். மாத்திரையை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தவர்களுக்கு எங்கே கேட்பது என்று தெரியவில்லை. போனுக்கு சார்ஜ் போட இடமில்லை. எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. பூட்டுக்காரருக்கோ தனிக் குறை.

"சாவியைக் கேட்டுலயே நிறுத்திட்டாங்க. உள்ள விட மாட்டாங்களாம்."

"சாவியை ஜோப்புல போட்டுக்கிட்டுப் போக வேண்டியதுதானே?"

"ஏம்மா, சாவிங்கறது என் நாய்!"

மேசைக்கு அடியில் படுத்திருந்த செம்பட்டை நாய், தன் பெயர் அடிபட்டதும் தலையைத் தூக்கிப் பார்த்தது. அவளுக்கு அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

அதன் பிறகு அவள் ஆணையரை விடவில்லை. பள்ளிக்கூடத்துக்குச் சாய்தளம் வேண்டும், கட்டிடத்தை ஒட்டியே கழிப்பறை வேண்டும், நாய் பூனைகளுக்கு ஒரு கொட்டகை வேண்டும், லாரிகளுக்குத் தார்ப்பாய் வேண்டும்.

"வராத வெள்ளத்துக்கு இவ்வளவு செலவா?" என்றார் ஆணையர்.

"வந்த அன்னைக்குக் கட்ட முடியாது சார்."

காலையில் அவர் அறை வாசலில் நிற்பாள், மதியம் நிற்பாள், அவர் காரில் ஏறும்போதும் நிற்பாள். கடைசியில் அவளைப் பார்க்காமல் இருப்பதற்காகவே கையெழுத்துப் போட்டார் என்று அலுவலகத்தில் பேச்சு.

பாலத்தின் தூணில் மஞ்சளும் சிவப்புமாக இரண்டு பட்டைகள் தீட்ட வைத்தாள். தண்ணீர் மஞ்சளைத் தொட்டால் மூட்டை கட்டு. சிவப்பைத் தொடும் முன் கிளம்பு. அவளை நம்பாதவர்கள் தூணைப் பார்த்து நம்பட்டும்.

வெளியேறும் ஒத்திகையை நாள் குறித்து நடத்தியபோது வந்தவர்களைக் கைவிரலால் எண்ணிவிடலாம். ஆனால் அண்ணி வந்திருந்தாள், வாக்கரோடு. வர மாட்டேன் என்றவள் ஏன் வந்தாள் என்று அவளும் கேட்கவில்லை, அண்ணியும் சொல்லவில்லை. புதுச் சாய்தளத்தின் உச்சியில் நின்று கீழே பார்த்தாள்.

"இது என்ன, சறுக்கு மரமா? தெரியாம யாராவது இடிச்சா நான் நேரா ஆத்துலதான் போய் நிப்பேன்."

இடித்துவிட்டு, சரிவைக் குறைத்து, பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்து மறுபடி கட்டினார்கள்.

தார்ப்பாய்களில் ஒன்றை அண்ணன் கடைக்கு எடுத்துப் போய்க் காட்டினாள். அவன் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "தையல் மோசம்" என்று மட்டும் சொன்னான். மறுநாள் போனபோது எல்லா ஓரங்களும் இரட்டைத் தையலோடு மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"அண்ணா..."

"தைச்சுக் கொடுத்தேன், அவ்வளவுதான். என் துணி இனிமே எந்த லாரியிலயும் ஏறாது."

அடுத்த மழை பருவத்தின் கடைசியில் வந்தது. விடாமல் பெய்து, நிலம் இனிக் குடிக்க முடியாமல் தண்ணீரைத் துப்பிக்கொண்டிருந்த ஒரு காலையில், அணையின் பொறியாளர் போனில் வந்தார். வழக்கமாக நலம் விசாரித்துவிட்டுப் பேசுகிறவர், அன்று நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மதகுகளைத் திறக்கறோம். வேற வழியில்ல. மதியத்துக்குள்ள உங்க ஊருக்கு வந்துடும்."

"எவ்வளவு ஏறும் சார்?"

"போன தடவையை விட அதிகம். அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

அவள் மாடிப்படிகளைத் தாவி இறங்கி ஆணையர் அறைக்குள் நுழைந்தாள். அவர் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போன தடவை மாதிரி ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா ஆகட்டும் சார். என்னைத் திட்டட்டும். பேர் ஏற்கனவே வச்சாச்சு. வெள்ளம் வந்து, நாம சொல்லாம இருந்தா, திட்டறதுக்கு யாரும் இருக்க மாட்டாங்க."

அவர் பேனாவைத் தேடினார். அவளே எடுத்து நீட்டினாள்.

ஆற்றோரத்தின் மின்சாரத்தை நிறுத்தச் சொன்னாள். பஸ்களை அனுப்பச் சொன்னாள், சைரனை ஊதச் சொன்னாள், வீடு வீடாகக் கதவைத் தட்ட ஆட்களை விட்டாள். ஒலிபெருக்கியில் தானே பேசினாள். "எங்களுக்குத் தெரிஞ்சது இதுதான்: அணையைத் திறந்துட்டாங்க, மதியத்துக்குள்ள தண்ணி இங்க வரும். தெரியாததையும் சொல்லிடறேன். எவ்வளவு உயரம்னு தெரியாது. உங்க வீட்டு வாசலோட நின்னுட்டும் போகலாம். ஆனா உள்ள வந்துட்டா ஓட நேரம் இருக்காது. இப்பவே கிளம்புங்க."

அவள் கணவன் டிப்போவில் பஸ் டிரைவர். முதல் பஸ்ஸை அவன்தான் எடுத்துப் போனான். கொஞ்ச நேரத்தில் வயர்லெஸ்ஸில் அவன் குரல் வந்தது.

"தெரு நடுவுல கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கறேன். ஒருத்தரும் ஏறல. எல்லாரும் ஜன்னல்ல நின்னு என்னைப் பாக்கறாங்க, நானும் அவங்களைப் பாத்துக்கிட்டு இருக்கேன். பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்கு."

"அங்கேயே நில்லு. நகராதே."

"நகர மாட்டேன். தண்ணி மஞ்சளைத் தொட்டாச்சு, பாலத்துல பாத்துட்டுத்தான் வந்தேன்." சற்று இடைவெளி விட்டு, அவன் குரல் மாறியது. "ஏய், உங்க அண்ணி இறங்கி வர்றாங்க."

அவன் சொன்னபடிதான் அவள் அந்தக் காட்சியைத் தெரிந்துகொண்டாள். அண்ணி வாக்கரை ஊன்றி ஊன்றித் தெரு நடுவே நடந்து வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி மாடியிலிருந்து, "எங்க கிளம்பிட்டே? இன்னைக்கும் சும்மாதான் உக்காரணும்" என்று கத்தினாள். அண்ணி நின்று மேலே பார்த்தாள். "சும்மா உக்காந்தா என்ன கெட்டுப் போச்சு? கக்கூஸ் பக்கத்துலயே கட்டியிருக்காங்க, வா!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினாள். அதற்குப் பிறகு ஒரு கதவு திறந்தது. பிறகு இன்னொன்று. பூட்டுக்காரர் சாவியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏறினார். பஸ் நிரம்பியது, அடுத்த பஸ்ஸும் நிரம்பியது.

அண்ணன் மட்டும் ஏறவில்லை. மெஷினையும் துணிகளையும் மாடிக்குத் தூக்கி வைத்துக்கொண்டு மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

தண்ணீர் உச்சி வெயில் நேரத்தில் வந்தது, வெயில்தான் இல்லை. முதலில் சாக்கடைகள் பின்னோக்கி ஓடின. அப்புறம் கரையின் மேல் ஒரு பழுப்பு நாக்கு நீண்டது. அதற்கப்புறம் தெரு எது, ஆறு எது என்று தெரியவில்லை. கட்டுப்பாட்டு அறையில் வயர்லெஸ் ஓயாமல் கரகரத்தது. ஊரில் இருந்தது இரண்டு படகு. ஆற்றின் திருப்பத்தில் இருந்த பிரசவ ஆஸ்பத்திரியின் பின்சுவர் இடிந்துவிட்டது. இரண்டு படகுகளும் அங்கே தாய்மார்களையும் பச்சைக் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் அண்ணன் போனில் வந்தான். வெகுநாள் கழித்து அவனாகக் கூப்பிடுகிறான்.

"பாப்பா, பூட்டுக்காரர் தெருவுல நிக்கறார்."

"அவர் பஸ்ல ஏறினாரே!"

"ஏறினார். கடையைப் பூட்டினோமா இல்லையான்னு சந்தேகம் வந்துடுச்சாம், திரும்பி வந்திருக்கார். இப்ப நாயைத் தோள்ல போட்டுக்கிட்டு கரண்ட் கம்பத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்கார். தண்ணி மாருக்கு வந்துடுச்சு. கம்பத்துல கரண்ட் இருக்கா?"

"இல்லண்ணா. காலையிலயே நிறுத்தியாச்சு."

"படகு அனுப்பு."

எதிரே உட்கார்ந்திருந்த தீயணைப்பு நிலைய அதிகாரிக்கு எல்லாம் கேட்டது. வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, "உங்க அண்ணன் வீடுதானே மேடம்? ஒரு படகைத் திருப்பவா?" என்றார்.

அவள் வரைபடத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கும் அண்ணன் வீட்டுக்கும் நடுவே ஆறு முழுசாக இருந்தது. போய்த் திரும்புவதற்குள் அந்தப் பின்சுவருக்கு அடுத்த சுவரும் விழுந்துவிடலாம். அங்கே எழுந்து நிற்கவே முடியாதவர்கள் படுத்திருக்கிறார்கள். அண்ணனுக்கு மாடி இருக்கிறது, இரண்டு கை இருக்கிறது. பூட்டுக்காரருக்குக் கம்பம் இருக்கிறது.

"வேண்டாம் சார். ஆஸ்பத்திரியை முடிச்சுட்டுப் போகட்டும்." சொன்னது தன் குரல்தானா என்றிருந்தது. போனைக் காதில் வைத்தாள். "அண்ணா, படகு இப்ப வராது."

மழை இரைச்சலுக்கு மேல் அண்ணன் கத்தினான்.

"எப்ப வரும்?"

"தெரியாது. உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். பச்சைக் குழந்தைங்களை ஏத்திக்கிட்டு இருக்காங்க. உன்கிட்ட கயிறு ஏதாவது இருக்கா?"

"தையல்காரன்கிட்ட ஏது கயிறு?" என்றவன், கொஞ்சம் பொறுத்து, "சரி. நீ உன் வேலையைப் பாரு. நான் என் வேலையைப் பாக்கறேன்" என்று போனை வைத்துவிட்டான்.

புதிதாக வாங்கிய சீருடைத் துணியை அவன் நீளவாக்கில் மடித்தான். மடிப்பின் மேல் மடிப்பாக வைத்து, மிதி மெஷினில் ஓட்டத் தொடங்கினான். கீழே பூட்டுக்காரர் அலறினார்.

"தையல் அப்புறம் போடலாம்யா! எதையாவது தூக்கிப் போடுங்க!"

"அவுந்து வந்தா உங்களுக்குத்தான் கஷ்டம். பேசாம பிடிச்சுக்கிட்டு நில்லுங்க!"

முனையில் ஒரு வளையம் வைத்துத் தைத்து, மறுமுனையை ஜன்னல் கம்பியில் முடிந்து வீசினான். முதல் வீச்சு தண்ணீரோடு போயிற்று. இரண்டாவதும் போயிற்று. அப்புறம் துணி முனையில் கத்தரிக்கோலைக் கனத்துக்குக் கட்டி வீசினான், கம்பத்தில் சுற்றிக்கொண்டது. பூட்டுக்காரர் முதலில் நாயைக் கட்டி அனுப்பினார். "ஆளு முதல்ல வாங்க!" என்று அண்ணன் கத்தியது அவர் காதில் ஏறவே இல்லை. நாய் மேலே வந்து, உடம்பை உதறி, மாடியில் இருந்த மிச்சத் துணியையும் நனைத்தது. பிறகு அண்ணன் மறுபடி வீசிய வளையத்தைக் கக்கத்தில் மாட்டிக்கொண்டு அவர் கம்பத்தை விட்டார். சுவரோடு சுவராகத் தேய்ந்து, முட்டியெல்லாம் சிராய்த்து, ஜன்னல் திட்டு வரை வந்தவரை அண்ணன் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டான். தையல் பிரியவில்லை.

வெளிச்சம் மங்குவதற்குள் படகு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. "ரெண்டு பேர், ஒரு நாய். நல்லா இருக்காங்க" என்று வயர்லெஸ்ஸில் வந்தபோது தீயணைப்பு அதிகாரி அவளிடம் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். அவள் அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தாள்.

தண்ணீர் வடிந்ததும் ஆணையர் நிருபர்களிடம் பேசினார். ஆற்றோரம் முழுக்க மூழ்கியும் ஒரு உயிர் கூடப் போகவில்லை என்றார். அவர் அதைச் சொல்லி முடித்த சாயங்காலமே, ஆற்றங்கரை மரக்கடையின் உள்ளறையில், சரிந்து கிடந்த பலகைகளுக்கு அடியில் ஒருவர் உடலை எடுத்தார்கள். மரக்கடையின் இரவுக் காவலாளி. வெளியூர்க்காரர். ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டுப் பகலில் அந்த அறையில்தான் தூங்குவாராம். மழைக்காக அன்று கடைக்கு விடுமுறை விட்டிருந்தார்கள்.

மறுநாள் கூட்டத்தில் ஆணையர் அவளைப் பாராட்டித் தொடங்கினார். அவள் பாதியில் எழுந்தாள்.

"சார், முதல்ல அந்தக் காவலாளியைப் பத்திப் பேசணும்."

"வருத்தமான விஷயம்தாம்மா. ஆனா அவர் நம்ம தெருக்கள்ல குடியிருக்கறவர் இல்லையே. வெளியூர்."

"செத்தது நம்ம ஊர்ல சார்."

அவள் உட்காராமலே பேசினாள். வீடு வீடாகத் தட்டினோம். கடைகளும் பட்டறைகளும் மூடியிருந்தால் யாரும் இல்லை என்று நினைத்துத் தாண்டிப் போனோம். ஊர் விழித்திருக்கும் நேரத்தில் தூங்குகிறவர்கள் இருப்பார்கள் என்று நம் யார் மண்டையிலும் உறைக்கவில்லை, என் மண்டையிலும்தான். அதைச் சரி செய்யாமல் பாராட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாது என்றாள். ஆணையர் கையிலிருந்த உரையை மடித்து வைத்துவிட்டு, "சொல்லு, என்ன செய்யணும்?" என்றார்.

காவலாளியின் மகள் வந்திருந்தாள். கைக்குழந்தையோடு பஸ் பிடித்து வந்தவளை, அரசு ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அலுவலகத்திலிருந்து யாரையாவது அனுப்பினால் போதும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். சைரன் என்று பெயர் வாங்கியவள் தானே போனாள்.

"யாருமே கதவைத் தட்டலையாக்கா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"தட்டலை."

"சைரன் ஊதினதா சொன்னாங்களே."

"ஊதினோம். கதவைத் தட்டலை. அங்க ஒருத்தர் தூங்குவார்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சு வச்சிருக்க வேண்டியது என் வேலை."

"காதுல பஞ்சு வச்சுக்கிட்டுத்தான் தூங்குவார்," என்றாள் மகள், யாரிடமோ சொல்வது போல. "அறுவை மெஷின் சத்தம் ஆகாது அவருக்கு."

குழந்தை சிணுங்கியது. அவள் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். மகள் உள்ளே போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வரும்வரை அந்த நடையிலேயே மேலும் கீழும் நடந்தாள். திரும்பி வந்த மகள் குழந்தையை வாங்கிக்கொண்டாள். வண்டி ஏற்பாடு செய்து அனுப்பும்வரை அவள் கூடவே இருந்தாள்.

அந்த வாரம் முழுக்க ஊர் சேறு வாரியது. குடிநீர்த் தொட்டிகளைக் கழுவி மருந்து போட்டார்கள். வீடு வீடாக வயர்களைச் சோதித்த பிறகுதான் மின்சாரம் கொடுத்தார்கள். அதுவரை இருட்டில் இருந்தவர்கள் அவளை வாயாரத் திட்டினார்கள். அண்ணன் கடையில் சேறு முழங்கால் உயரம். அவளும் கணவனும் போய் வாரிக் கொட்டினார்கள். அண்ணன் பேசினான், ஆனால் சேற்றைப் பற்றி மட்டும். தண்ணீர் குடிக்க மாடிக்குப் போனவளிடம், நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணிதான் கேட்டாள்.

"அண்ணன் வீடுன்னு தெரிஞ்சும் படகை அனுப்பலையாமே?"

"ஆமா அண்ணி."

"ஆஸ்பத்திரியில எல்லாரும் பிழைச்சாங்களா?"

"எல்லாரும்."

அண்ணி முழங்காலைத் தடவிக்கொண்டாள். "நீ செஞ்சது சரிதான். புத்திக்குத் தெரியுது. ஆனா என் கோபம் ஆற நாளாகும், சொல்லிட்டேன்."

"ஆகட்டும் அண்ணி. நான் எங்க போயிடப் போறேன்?"

கீழேயிருந்து அண்ணன் குரல் வந்தது. "பேசினது போதும், ஒருத்தர் வந்து இந்த வாளியைப் பிடிங்க."

சேறு காய்ந்ததும் அவள் கடைத்தெருவில் இறங்கினாள். இந்தத் தடவை வீடுகளுக்கு இல்லை. பட்டறை, கிடங்கு, அச்சகம், லாரி ஷெட் என்று ஒவ்வொன்றாக, நண்பகலில், எல்லாரும் வேலையாக இருக்கும் நேரத்தில். கூட வர ஆள் கேட்டபோது பூட்டுக்காரர் தானாக வந்து நின்றார். சிராய்ப்பு இன்னும் ஆறாததால் நொண்டி நொண்டி நடந்தார். நாய் முன்னால் ஓடியது.

ரொட்டித் தொழிற்சாலை முதலாளி மாவுக் கையோடு வெளியே வந்தார்.

"இங்க யாராவது பகல்ல தூங்கறாங்களா?" என்று கேட்டாள்.

"என்ன மேடம், வேலை நேரத்துல தூங்கறாங்களான்னு சோதனை போட வந்தீங்களா?"

"இல்ல. ராத்திரி வேலை பாக்கறவங்க எங்க தூங்கறாங்கன்னு தெரியணும்."

அவர் தயங்கினார். பூட்டுக்காரர் குறுக்கே புகுந்தார். "சொல்லுங்கய்யா. இந்தம்மா கேட்டா விடாது. சொல்றதைக் கேக்கலைன்னா என்ன ஆகும்னு நான் தண்ணியில நின்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

முதலாளி பின்பக்கம் அழைத்துப் போனார். அடுப்புச் சூடு முகத்தில் அடிக்கும் ஒரு குறுகிய நடை, அதன் கடைசியில் தகரக் கதவு. திறந்ததும் உள்ளே நாலைந்து பேர் வரிசையாகப் படுத்து, வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு ஜன்னல், அதற்கும் அசையாத கம்பி. அவள் மெதுவாக வெளியே வந்து கதவைச் சாத்திப் பார்த்தாள். கதவின் வெளிப்பக்கத்தில் கனமான தாழ்ப்பாள் இருந்தது, அதில் ஒரு பூட்டு தொங்கியது.

"இதை எப்ப போடுவீங்க?"

"சரக்கு திருட்டுப் போகுதுன்னு... அவங்க தூங்கறப்ப போட்டு வைப்போம். எழுந்ததும் திறந்து விடுவோம்."

அவள் தாழ்ப்பாளைத் தொட்டுக் காட்டினாள்.

"உள்பக்கத்துக்கு மாத்தணும்," என்றாள். "இன்னைக்கே. அவங்க எழுந்திரிக்கறதுக்குள்ள."

பூட்டுக்காரர் நொண்டிக்கொண்டே கதவருகே போய் உட்கார்ந்து, தூங்குகிறவர்களின் தூக்கம் கலையாமல் தன் கருவிப் பெட்டியைத் திறந்தார்.